கொழுப்பு மாத்திரையும் ஈறும்

ஜூன் 3, செவ்வாய்

தக்காளி மண்டி அண்ணன் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். மாதாமாதம் கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. வாங்குகிறவர். "தம்பி, கொழுப்பு மாத்திரை போட்டா ஈறுல ரத்தம் நிக்குமாமே? ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கட்டுமா?" யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பாலக்கோட்டில் இப்போது டாக்டர் சீட்டை விட வீடியோவுக்குத்தான் மதிப்பு. டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம் என்று சொல்லி, பழைய அளவையே கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

தேடிப் படித்தேன். வீடியோ முழுப் பொய் இல்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்காரர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. 83 பேரில் ஒரு பகுதியினருக்கு தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., மற்றவர்களுக்கு 10. கடைசியில் கணக்கில் வந்தது 59 பேர். ஸ்கேனில் பார்த்தால், 80 போட்டவர்களுக்கு நான்கே வாரத்தில் ஈறு அழற்சி குறைந்திருக்கிறது. கழுத்து ரத்தக்குழாயின் அழற்சியும் கூடவே இறங்கியிருக்கிறது. கொழுப்பைக் குறைப்பதோடு இந்த மாத்திரைக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு.

ஆனால் நம் அண்ணன் போடுவது 10. ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அளவே அதுதான்! இரண்டாகப் போட்டாலும் 20. ஈறுக்காக 80-க்குப் போனால் தசைவலி, ஈரல் தொல்லை என்று வேறு வினை வரலாம்.

பக்கத்தில் பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வேறு வழி பார்த்திருக்கிறார்கள். அதே வகைக் கொழுப்பு மருந்தான சிம்வாஸ்டாட்டினை 1.2 சதவீத ஜெல்லாக்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளத்துக்குள்ளேயே வைத்தார்கள். பள்ளமும் குறைந்தது, கரைந்த எலும்பும் ஓரளவு நிரம்பியது. அதுவும் ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுத்த பிறகுதான். காரையை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் வைக்கவில்லை. எங்கள் கடைக்கு அப்படி ஒரு ஜெல் வந்ததே கிடையாது.

ஜூன் 7, சனி

அண்ணனிடம் சொன்னேன். பல் டாக்டரிடம் போக அவருக்குக் கூச்சம். பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருவதற்கு முந்தைய ஆள். ஃபுளோரைடு கறை பல்லெல்லாம் பழுப்பாக்கி வைத்திருக்கிறது. இந்தத் தருமபுரி மாவட்டத்தில் அந்தப் பல்லைப் பார்க்காத பல் டாக்டர் யார்? அந்தக் கறை வேறு, ஈறு நோய் வேறு என்றேன். "சுத்தம் பண்ணா பல்லு ஆடுமே?" என்றார். எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே ஆடுகிற பல்லைத்தான் காரை பிடித்து வைத்திருக்கிறது, காரை போனதும் ஆட்டம் வெளியே தெரிகிறது என்றேன். பாதி நம்பினார்.

ஜூன் 16, திங்கள்

ஸ்கேலிங் முடிந்துவிட்டது. ரத்தம் குறைந்திருக்கிறதாம், பல்கூச்சம்தான் படுத்துகிறது. பல் டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் 190. ஈறு இவ்வளவு கெட்டதில் அதற்கும் பங்கு இருக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் 10-லேயே நிற்கிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரைச் சீட்டோடு வந்து, "இதுக்கும் வீடியோ இருக்கு தம்பி" என்று போனை நீட்டினார்.