முன்னால் 60, பின்னால் 80: கார்பன் வீல் பார்த்த மூன்று மாதங்கள்

ட்ரையத்லான் சைக்கிளுக்கு ரிம், அதாவது டயர் உட்காரும் வளையம், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அவசரப்பட்டிருந்தால் முன்னும் பின்னும் 80 மி.மீ. வாங்கியிருப்பேன். பார்க்கவும் அதுதான் அழகு. இப்போது முன்னால் 60, பின்னால் 80 ஓடுகிறது. முன் வீலில் அந்த 20 மி.மீ. ஏன் குறைந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் நிலவரம். உடல் எடை 58 கிலோ. ரிம் பிரேக் (கட்டை ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் வகை) சைக்கிள், அதோடு வந்த அலுமினிய வீல், ரிம் ஆழம் 24 மி.மீ. தயாராவது 70.3 என்ற ட்ரையத்லான் போட்டிக்கு (பெயர் மைலில் மொத்தத் தூரம்): 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். சைக்கிளில் 200 வாட் வரை தாங்குவேன். அதற்கு மேல் மிதித்தால் பிறகு ஓடக் கால் வராது.

வீல் என்றதும் எல்லோரும் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் சமதளத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது, மிதிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போய்விடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதைத் தாண்டத் தேவையான சக்தி கன அளவில் ஏறும். எடை உறைப்பது ஏற்றத்திலும், அடிக்கடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போதும்தான். ஒரே சீராக இரண்டரை மணி நேரம் ஓட்டுகிற நமக்கு 200 கிராம் கூடுதல் ஒரு பொருட்டே இல்லை. எடைக் கணக்கை முதல் வாரத்திலேயே மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் சோதனை. காற்று அசையாத அதிகாலையில், 10 கி.மீ. போய் அதே சாலையில் திரும்பி வருவது. பவர் மீட்டரில் 200 வாட், அதே ஹெல்மெட், அதே உடை, டயரில் அதே அழுத்தம். ஒவ்வொரு வீலுக்கும் மூன்று முறை. அலுமினிய வீலில் சராசரி 35.2 கி.மீ. வந்தது. பயிற்சி நண்பர் ஒருவரிடம் இருந்த பழைய 80 மி.மீ. ஜோடியில் 35.7. இன்னொருவரின் புதிய 80 ஜோடியில் 35.8. அதே பின் வீலோடு முன்னால் மட்டும் 60 மாட்டினாலும் 35.8. ஒரே வீலிலேயே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 0.1 வித்தியாசம் வந்ததால், கடைசி மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

35.2-க்கும் 35.8-க்கும் 90 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் வித்தியாசம். அதே 200 வாட்டுக்கு, ஒரு சொட்டு வியர்வை கூடச் சிந்தாமல் கிடைக்கிற இரண்டரை நிமிடம். எனக்கு அது பெரிய தொகை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் 80 ஜோடிதான் வந்திருக்கும். ஆனால் இதெல்லாம் காற்றில்லாத காலைக் கணக்கு.

ஐந்தாவது வாரம், நல்ல காற்று நாளாகப் பார்த்து அந்தப் பழைய 80-ஐ மாட்டிக்கொண்டு முழு 90 கி.மீ. போனேன். மரங்கள் வரிசையாக இருந்த இடம் வரை ஒன்றுமில்லை. வரிசை முடிந்து திறந்த வெளி தொடங்கிய அந்த நொடியில், யாரோ முன் வீலைப் பிடித்துத் திருப்பியது போல ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டியது. கை தானாக ஏரோ பாரை (முழங்கையைப் பேடில் ஊன்றிக் குனிந்து பிடிப்பது) விட்டு பேஸ் பாருக்கு (பிரேக் உள்ள அகலமான ஹேண்டில்) போய்விட்டது. தோள் இறுகி, மூச்சு பிடித்துக்கொண்டு, அடுத்த இரண்டு கிலோமீட்டர் நிமிர்ந்தபடியே ஓட்டினேன். எதிரே லாரி கடந்த ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

நிமிர்ந்து ஓட்டினால் எவ்வளவு போகிறது என்று அன்று வரை நான் கணக்குப் பார்த்ததில்லை. அடுத்த அமைதியான காலையில் அதையும் அளந்தேன். பேஸ் பாரைப் பிடித்தபடி அதே 200 வாட்டுக்கு 32.5 கி.மீ. அதாவது மணிக்கு 3.3 கி.மீ. இழப்பு. ஒரு நிமிடம் நிமிர்ந்து ஓட்டினால் 55 மீட்டர் பின்தங்குகிறேன், கிட்டத்தட்ட ஐந்தரை நொடி. அப்படிப் பார்த்தால் வெறும் 27 நிமிடம் நிமிர்ந்திருந்தாலே போதும், வீல் கொடுத்த இரண்டரை நிமிடமும் கரைந்துவிடும்.

இந்த 27 என்ற எண்தான் என் முடிவை மாற்றியது. அதற்குப் பிறகு நான் வேகத்தை அளக்கவில்லை, நிமிர்ந்திருந்த நேரத்தை அளந்தேன். கை பேஸ் பாருக்குப் போய் வண்டி நிதானமானதும் சைக்கிள் கம்ப்யூட்டரில் நேரத்தைத் தனியாகப் பிரிக்கும் லேப் பட்டன், மறுபடி ஏரோ பாருக்குத் திரும்பும் முன் இன்னொரு முறை. காற்று ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த நாட்களில், அதே 90 கி.மீ. பாதையில் கிடைத்தவை: அலுமினிய வீல் 5 நிமிடம், பழைய 80 முன் வீல் 38 நிமிடம், புதிய 80 முன் வீல் 21 நிமிடம், 60 முன் வீல் 8 நிமிடம். பழைய 80-ஐ மாட்டிக்கொண்டு காற்று நாளில் நான் அலுமினிய வீலை விட மெதுவாகத்தான் போயிருக்கிறேன். அலுமினிய வீலிலும் போகிற 5 நிமிடத்தைக் கழித்துப் பார்த்தால், புதிய 80 தான் கொடுத்த இரண்டரை நிமிடத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. 60-இல் போனது பதினைந்து இருபது நொடிதான்.

ஒரே 80 மி.மீ. ஆழத்தில் 38-க்கும் 21-க்கும் ஏன் இவ்வளவு தூரம் என்பதற்குக் காரணம் ரிம்மின் வடிவம். பழைய வீலை வெட்டிப் பார்த்தால் ஆங்கில வி எழுத்து போல உள்விளிம்பு (வீலின் மையத்தை நோக்கிய பக்கம்) கூராக முடியும். புதியது யு எழுத்து போலப் பருத்து, உள்விளிம்பு வளைவாக இருக்கும். முன் வீலின் முன்பாதியில் காற்று முதலில் டயரைத் தொடுகிறது. பின்பாதியில் அது முதலில் தொடுவது ரிம்மின் உள்விளிம்பைத்தான். அந்த விளிம்பு கூராக இருந்தால் சாய்வாக வரும் காற்று அங்கே ஒட்டாமல் பிய்ந்துவிடும். வளைவாக இருந்தால் ஒட்டி ஓடும். அப்போது பக்கவாட்டு விசை விழும் இடம் ஸ்டீயரிங் அச்சுக்கு அருகில் நகர்வதால் ஹேண்டிலைத் திருப்பும் விசை குறைகிறது. 36 கி.மீ. வேகத்தில் போகும்போது நேர் பக்கத்திலிருந்து 10 கி.மீ. காற்று வீசினால், சைக்கிளுக்கு அது சுமார் 15 டிகிரி சாய்வில் வருகிறது. ஆழமான ரிம்முக்கு ஓரளவு சாய்வு நல்லதே, பாய்மரம் போல இழுவையைக் குறைத்துக் கொடுக்கும். ஆனால் சாய்வு எல்லை மீறி காற்று பிய்கிற கணத்தில் விசை திடீரென்று மாறும். பயமுறுத்துவது காற்றின் பலம் அல்ல, அந்தத் திடீர் மாற்றம்தான்.

பின் வீலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது திரும்புவதில்லை, நம் எடையும் அதன் மேல்தான் அதிகம். அதனால்தான் பின்னால் 80 வைத்துக்கொண்டேன், ஸ்போக் இடைவெளியே இல்லாத முழு டிஸ்க் வீலே போடுபவர்களும் அதிகம். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் போட்டியில் மட்டும் பக்கக்காற்றுக்குப் பயந்து டிஸ்க் வீலுக்கு நீண்ட காலம் தடை இருந்தது. என் 58 கிலோவுக்கு 60 சரி வந்தது என்றால் 80 கிலோ உள்ளவருக்கு முன் வீலில் 80 கூடச் சரியாக வரலாம். எண்ணைக் கடன் வாங்காதீர்கள். நிமிர்ந்திருக்கும் நிமிடத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டயரில் ஒரு கணக்கு உண்டு. டயரின் அளந்த அகலத்தை விட ரிம்மின் வெளி அகலம் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள், 105 விதி என்று பெயர். வீல் செய்யும் ஸிப் நிறுவனத்தில் இருந்த ஜோஷ் போர்ட்னர் பிரபலப்படுத்தியது. என் ரிம் வெளியே 28, உள்ளே 21 மி.மீ. 25 என்று அச்சிட்ட டயரைப் பூட்டி, காற்றடித்து, ஒரு இரவு விட்டு வெர்னியரில் பிடித்தால் 26.5 காட்டியது. அதை 1.05-ஆல் பெருக்கினால் 27.8, ரிம் 28 என்பதால் தேறிவிட்டது. 28 டயர் 29.4 வந்தது, ரிம்மை விடப் பருமன். அது பின்னாலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன் டயர்தான் கலையாத காற்றைச் சந்திக்கிறது.

பிரேக் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அலுமினிய ரிம்மில் ஓடிய பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு ரப்பருக்குள் ஊசி முனை அளவில் ஏழெட்டு வெள்ளிப் பொடி மின்னியது. அலுமினியத் துணுக்குகள். அதே கட்டையைக் கார்பன் ரிம்மில் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அரம் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஆகவே கார்பனுக்கு என்று தனிக் கட்டை, வீல் மாற்றும்போதெல்லாம் கட்டையும் மாறும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் கார்பன் ரிம் சூடேறி, இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் இளகும் அபாயமும் உண்டு. விட்டு விட்டுப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். லேடெக்ஸ் ட்யூப் சில வாட் மிச்சப்படுத்தும் என்பதால் ஆசை இருந்தது. ஆனால் ரிம் பிரேக் கார்பனில் அந்தச் சூட்டுக்கு அது ஆகாது என்பதால் சாதாரண பியூட்டைல் ட்யூபோடு நிற்கிறேன்.

ஒன்பதாவது வாரம் ஒரு பஞ்சர், பின் வீலில். டயரைக் கழற்றி, பையிலிருந்த புது ட்யூபை எடுத்தால் அதன் வால்வு 48 மி.மீ. ரிம்மோ 80. வால்வு உள்ளேயே நின்றுவிட்டது. நண்பரின் வண்டி வரும் வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். இப்போது பையில் இருக்கும் ட்யூபில் வால்வை நீட்டும் எக்ஸ்டென்ஷனை முன்கூட்டியே பூட்டி வைத்திருக்கிறேன். வால்வின் நடுப்பகுதியைக் கழற்றி எக்ஸ்டென்ஷனின் நுனியில் மாட்டும் வகை அது. எக்ஸ்டென்ஷனை முறுக்கும் இடத்தில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று. பின் வீலுக்குத் தக்க நீளம் எடுத்தால் முன் வீலுக்கும் அதுவே ஆகும்.

முன் வீலில் ஒரு வாரமாக டிக், டிக் என்று ஒரு சத்தம், மெதுவாகப் போகும்போது மட்டும். ஸ்போக் தளர்ந்துவிட்டதோ என்று ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சுருதி. கடைசியில் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் ரிம் துளையின் ஓரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. துளைக்குள் வரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினேன். சத்தம் நின்றுவிட்டது.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. அந்த 8 நிமிடத்தை 5-க்குக் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கிறேன். காற்று நாட்களில் வேண்டுமென்றே வெளியே போய், முழங்கையைப் பேடில் தளர்வாக விட்டு, ஹேண்டில் அசைந்தால் அசையட்டும் என்று விடும் பயிற்சி. போன ஞாயிற்றுக்கிழமை 6 நிமிடம் 40 நொடி வந்தது.