சிஆர்3-க்குள் புகுந்த 246

என் 64 பிட் கெர்னலை (இயங்குதளத்தின் மைய நிரலை) கிளாங் கம்பைலர் கொண்டு, நிரலை மேம்படுத்தும் ஓ2 நிலையில் கம்பைல் செய்தால், புதிய பேஜ் டேபிளுக்கு (நினைவக முகவரிகளை மாற்றித்தரும் அட்டவணைக்கு) மாறும் இடத்தில் இயந்திரம் ரீசெட் ஆகிவிடுகிறது. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் அதே ஓ2 ஒழுங்காக ஓடுகிறது. கிளாங்கிலும் ஓ0, அதாவது மேம்படுத்தல் இல்லாத நிலை, என்றால் சிக்கல் இல்லை. இப்படி ஆள் பார்த்து வரும் பிழை என்றால் இன்லைன் அசெம்பிளியைத்தான் (நிரலுக்கு நடுவே நேரடியாக எழுதும் செயலிக் கட்டளைகளை) முதலில் சந்தேகிப்பேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று கம்பைலர் படித்துப் பார்ப்பதில்லை; நாம் எழுதித்தரும் கட்டுப்பாடுகளை அப்படியே நம்புகிறது.

க்யூஎமு எமுலேட்டரை மறுதொடக்கம் செய்யவிடாமல் ஓட்டி, இன்டரப்ட் பதிவை எடுத்தேன். பேஜ் ஃபால்ட், அதைக் கையாள முடியாமல் டபுள் ஃபால்ட், கடைசியில் ரீசெட் ஆக்கும் டிரிபிள் ஃபால்ட். பேஜ் டேபிளின் முகவரியை வைத்திருக்கும் செயலி ரிஜிஸ்டரான சிஆர்3-இன் மதிப்பு பதினாறடிமானத்தில் 246. பேஜ் டேபிள் 4096-இன் மடங்கான முகவரியில் இருக்க வேண்டும். இது முகவரியே அல்ல. ஆனால் எக்ஸ்86 செயலிகளில் உழல்பவர்களுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும்: 200 இன்டரப்ட் ஃபிளாக், 40 ஜீரோ ஃபிளாக், 4 பாரிட்டி ஃபிளாக், 2 எப்போதும் ஒன்றாகவே நிற்கும் பிட். செயலியின் நிலையைக் குறிக்கும் ஃபிளாக் ரிஜிஸ்டர்தான் சிஆர்3-க்குள் போயிருக்கிறது! பதிவில் இந்த ஒரு வரி கிடைத்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது.

பேஜ் டேபிளை மாற்றும் அசெம்பிளித் துண்டு செய்வது இதுதான்: புஷ்எஃப் கட்டளை மூலம் ஃபிளாக்குகளை ஸ்டாக்கில் (நினைவகத்தின் தற்காலிக அடுக்கில்) வைக்கிறது, இன்டரப்டை நிறுத்துகிறது, புதிய பேஜ் டேபிளின் முகவரியை ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டருக்கு எடுத்து சிஆர்3-இல் ஏற்றுகிறது, பாப்எஃப் மூலம் ஃபிளாக்குகளை மீட்கிறது. முகவரிக்கான கட்டுப்பாடு 'ஆர்எம்': ரிஜிஸ்டரோ நினைவகமோ, கம்பைலரின் விருப்பம். ஜிசிசி ரிஜிஸ்டரைத் தேர்ந்தது. நான் வைத்திருக்கும் கிளாங் நினைவகத்தைத் தேர்ந்து, முகவரியை ஸ்டாக்கின் உச்சியில், ஆர்எஸ்பி ரிஜிஸ்டர் காட்டும் இடத்தில், வைத்தது. புஷ்எஃப் ஓடியதும் ஆர்எஸ்பி 8 பைட் இறங்குகிறது. அதன் பிறகு ஆர்எஸ்பி காட்டும் இடத்தைப் படித்தால் கிடைப்பது ஃபிளாக்குகள். ஓ0-இல், புஷ் செய்தாலும் நகராத ஆர்பிபி ரிஜிஸ்டரை வைத்து முகவரி கணக்கிடப்படுவதால் ஸ்டாக் நகர்ந்தாலும் பாதிப்பில்லை. கம்பைல் ஆன கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியின் வெளியீடு இதை அப்படியே உறுதிசெய்தது. கிளாங் செய்தது முழுக்கச் சரி. அனுமதித்ததைத்தான் அது எடுத்துக்கொண்டது.

'ஆர்' என்று மட்டும் மாற்றினாலே ஓடியிருக்கும். எனக்கு அது போதவில்லை. அசெம்பிளிக்கு நடுவில் ஸ்டாக் நகர்ந்து நிற்பதே ஆபத்து. ஆகவே துண்டைப் பிரித்தேன்: ஃபிளாக்குகளைப் புஷ் செய்து உடனே ஒரு மாறிக்குள் பாப் செய்வது தனி, சிஆர்3-ஐ ஏற்றுவது தனி, ஃபிளாக்குகளை மீட்பது தனி. எல்லாவற்றுக்கும் வாலடைல் (கம்பைலர் இதை நீக்கக்கூடாது), மெமரி கிளாபர் (நினைவகம் மாறலாம்) என்ற குறிப்புகள். லினக்ஸ் கெர்னல் ஃபிளாக்குகளைச் சேமிக்கும் இடத்தில் 'ஆர்எம்' இருக்கிறது. பாப் கட்டளை ஸ்டாக்கைச் சரிசெய்த பிறகே முகவரியைக் கணக்கிடும் என்பதால் அங்கே அது பாதுகாப்பு என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பின் அருமை இப்போது புரிகிறது.

இப்போது இரண்டு கம்பைலரிலும், ஓ0, ஓ2 இரண்டிலும் கெர்னல் எழுகிறது. புஷ் உள்ள மற்ற துண்டுகளைத் தேடியதில் செயலியின் விவரம் கேட்கும் சிபியுஐடி கட்டளையைச் சுற்றி எழுதிய உறை ஒன்று அகப்பட்டது. 32 பிட் காலத்துப் பழக்கத்தில் பிஎக்ஸ் ரிஜிஸ்டரை ஸ்டாக்கில் சேமித்துவைக்கிறது. 64 பிட்டில் அதற்குத் தேவையே இல்லை. அடுத்து அதை நீக்கவேண்டும்.