நான் சொன்னது எல்லாமே தொடரைப் பத்தினதுதான்

"நான் சொன்னது எல்லாமே தொடரைப் பத்தினதுதானே மிஸ்."

ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எங்கள் பத்திரிகைக்குக் கருத்து அனுப்பிய வாசகர் ஒருவர் சொன்னது இது. அவர் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, "சரி, நீங்க பார்த்துப் போடுங்க" என்று ஃபோனை வைத்துவிட்டார். நானும் பார்த்துத்தான் போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பக்கங்கள் செய்தாயிற்று. ஆனால் யாருடைய கருத்தையாவது இடத்துக்கு ஏற்றபடி சுருக்க உட்காரும்போதெல்லாம் அந்த வசனம் வந்து நிற்கிறது. அன்றைக்குச் செய்தது சரிதான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். காரணங்களும் இருக்கின்றன. அவை போதுமா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

2020 மே மாதம். ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்துக்குப் போட எதுவும் இல்லை. தியேட்டர்கள் மூடிக் கிடந்தன, விளம்பரம் இல்லை, பக்கங்களும் குறைந்திருந்தன. வீட்டில் அடைந்து கிடப்பவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே பக்கமாக்கலாம் என்று நான்தான் சொன்னேன். 'ஸ்னோபியர்சர்' தொடர் மே 25 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அடுத்த நாள்தான் கொழும்பில் பகல் நேர ஊரடங்கு தளர்ந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் பொங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' ஒஸ்கார் வாங்கியிருந்ததால், 2013இல் அவர் எடுத்த 'ஸ்னோபியர்சர்' படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். உலகம் உறைந்துபோய், மிஞ்சிய மனிதர்கள் எல்லோரும் நிற்காமல் ஓடும் ஒரே ரயிலுக்குள். முன்னால் பணக்காரர்கள், கடைசிப் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள். எந்த நாளில் வெளியே போகலாம் என்று அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது என்று நினைத்தேன். இரண்டையும் பார்த்தவர்கள் குரல் பதிவாகக் கருத்து அனுப்பலாம் என்று ஒரு வட்ஸ்அப் இலக்கம் கொடுத்தோம்.

வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு. படத்தில் ஒரு கதவு திறந்தால் அடுத்த பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது, தொடரில் இரண்டு பகுதிகளுக்குள் முழு ரயிலையும் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள் என்றார் வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி. புரட்சிக் கதையை ஏன் கொலைக் கதை ஆக்கினார்கள் என்று பலர் கேட்டார்கள். நடிகை ஜெனிஃபர் கொனலிக்காக மட்டும் பார்க்கிறோம் என்றவர்களும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வங்கி ஊழியர் நல்லதொன்று சொன்னார்: படத்தில் முன்னாலும் பின்னாலும்தான் ஆட்கள், நடுவில் இருந்து வேலை செய்கிறவர்களை அவ்வளவாகக் காட்டவில்லை, தொடரில்தான் மூன்றாம் வகுப்பு என்று ஒரு கூட்டம் சமைத்து, கழுவி, பழுது பார்த்து ரயிலை ஓட வைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடைய பதிவு. தெமட்டகொடை ஷெட்டில் இருந்தவர். தொடரில் 1001 பெட்டி என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதை 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதில் சில பெட்டிகளைக் கொண்டுபோகவே பின்னால் இன்னொரு எஞ்சின் கொடுத்துத் தள்ளியிருக்கிறோம், மழை பெய்தால் சில்லு வழுக்கும், தண்டவாளத்தில் மணல் விழவேண்டும் என்று தன் இளமைக் காலத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் "தொடர் பரவாயில்லை" என்று முடித்திருந்தார். முழுவதையும் போட்டேன். ஒரு வரி வெட்டவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த வசனத்தைச் சொன்னவருடைய பதிவு அதற்குப் பிறகுதான் வந்தது. மலையகத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. உயர்தரம் வரை படித்தவர். மார்ச் 20 ஊரடங்கு போட்டபோது ஊருக்குப் போகமுடியாமல், கடைக்கு மேலே இருந்த அறையில் மற்றப் பையன்களோடு அகப்பட்டுக்கொண்டவர். ஒருவருடைய ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம். பதிவின் பின்னணியில் மின்விசிறிச் சத்தமும், யாரோ "மெதுவாப் பேசுடா" என்பதும் கேட்கும். நினைவிலிருந்து எழுதுகிறேன். கிட்டத்தட்ட இப்படித்தான் பேசினார்:

"படத்துல கடைசிப் பெட்டிக்காரன் அவனாவே முன்னுக்குப் போறான் மிஸ். அடிபட்டு, செத்து, கதவ உடைச்சுப் போறான். தொடர்ல அப்படி இல்ல. முன்னுக்கு ஒரு கொலை நடந்திருச்சு, துப்பறிய ஆள் வேணும், கடைசிப் பெட்டியில ஒரு பழைய பொலிஸ்காரன் இருக்கான், கூட்டிட்டு வாங்கன்னு கூப்பிடுறாங்க. அதுவரைக்கும் அவன் இருக்கானா செத்தானான்னு யாரும் கேக்கல. தொடர்தான் நெசம். எங்களையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் தன் கதைக்குப் போய்விட்டார். ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாளுக்குக் கிட்ட முதலாளி வீட்டிலிருந்து ஒரு ஃபோன் வரவில்லை. பாணும் பருப்பும் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்தது. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபாவுக்குப் பதிவு தோட்டத்தில், ஆள் கொழும்பில், ஆகவே இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. மே நடுப்பகுதியில் கடையைத் தூசி தட்டிச் சரக்கு அடுக்கவேண்டும் என்றதும் ஃபோன் வந்தது, ஊரடங்குப் பாஸும் வந்தது. "அப்ப நாங்க கடைசிப் பெட்டியில இருந்தது அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்று முடித்தார். பெயரைப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார்.

பொறுப்பாசிரியருக்குப் போட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், யாரையும் உதாசீனம் செய்கிறவர் இல்லை. "இங்க பாரும் பிள்ளை, இது தொடரைப் பற்றின கருத்தோ, அவருடைய சொந்தக் கதையோ? சொந்தக் கதையெண்டால் செய்திப் பக்கத்துக்குக் குடும். அவை விசாரிச்சுப் போடட்டும்" என்றார். செய்திப் பக்கத்தில் கொழும்பில் அகப்பட்டவர்களைப் பற்றி ஏற்கெனவே போட்டாயிற்று, இனி வேண்டாம் என்றார்கள். அப்புறம்தான் அவருக்கு ஃபோன் எடுத்தேன். இடம் குறைவு, தொடரைப் பற்றியதை மட்டும் போடவா, கடை விஷயம் வந்தால் உங்களுக்குப் பிரச்சினை வரலாம் என்றேன். அப்போதுதான் அந்த வசனம்.

அச்சில் வந்தது இவ்வளவுதான்: படத்தில் கடைசிப் பெட்டியினர் தாங்களாகவே முன்னேறுகிறார்கள், தொடரில் தேவைக்காக அழைக்கப்படுகிறார்கள், தொடரே யதார்த்தமாக உள்ளது. கீழே, 'புறக்கோட்டை வாசகர்'.

நான் வெட்டியதற்கு முதல் காரணம் அவருடைய வேலை. அந்தத் தெருவில் எங்கள் பத்திரிகை போகாத கடை இல்லை. பெயரை எடுத்துவிட்டாலும், கடைக்கு மேலே அகப்பட்ட பையன்கள் என்றால் முதலாளிக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இந்தக் காரணத்தை இன்றைக்கும் நான் விடமாட்டேன். பத்திரிகைக்குப் பேசுகிற ஆர்வத்தில் ஒருவர் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தால் தடுக்கவேண்டியது நாங்கள்தான்.

ஆனால் அந்த ஆபத்து அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்னைவிட அவருக்கல்லவா முதலாளியைத் தெரியும்? பெயரைப் போடச் சொன்னதே தெரிந்துதானோ என்னவோ. அதே புடவைக் கடைகள்தான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்களுக்கு விளம்பரம் தருகிறவை. பொறுப்பாசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அந்த நேரம் அது மனதில் இல்லை என்றுதான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை.

இரண்டாவது காரணம், பக்கம் தொடரைப் பற்றியது என்பது. இந்தக் காரணம்தான் கடுகண்ணாவை ஏற்றத்தில் போய் நிற்கிறது. அந்தப் பெரியவர் தொடரைப் பற்றிச் சொன்னது இரண்டு சொல், மீதி எல்லாம் அவருடைய வேலையும் வாழ்க்கையும். அதைச் சுவையான அனுபவம் என்று போட்டேன். இவர் சொன்னதற்குச் சொந்தக் கதை என்று பெயர் வைத்தோம். பெரியவருடைய கதையால் யாருக்கும் பாதகம் இல்லை, அது உண்மைதான். அப்படியென்றால் நான் பார்த்தது தொடரோடு சம்பந்தம் உண்டா என்பதை அல்ல, யாரையும் சீண்டாமல் இருக்கிறதா என்பதை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தொடரைப் பற்றி எங்களுக்கு வந்தவற்றிலேயே கூர்மையான விமர்சனம் அவருடையதுதான். படத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரை நேராகப் போய், கடைசியில் ரயிலையே கவிழ்த்துவிடலாம். தொடருக்கு அது முடியாது. அடுத்த பருவத்துக்கும் ரயில் ஓடவேண்டும். ஆகவே எதிர்க்கிறவனைக் கூப்பிட்டு உள்ளே ஒரு வேலை கொடுக்கவேண்டும், அந்தப் பழைய பொலிஸ்காரன் லேட்டனுக்குக் கொடுத்ததுபோல. மற்றவர்கள் கொலைக் கதை ஆக்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டதைத்தான் அவர் காரணத்தோடு சொன்னார். அந்தக் காரணம் முழுக்க அவருடைய கடையில் இருந்தது. கடையை எடுத்துவிட்டால் மிஞ்சியது எவரும் சொல்லக்கூடிய ஒரு வரி. வெட்டும்போது எனக்கு இது புரியவில்லை. சில மாதங்கள் கழித்து, முதல் பருவம் முழுவதையும் பார்த்து முடித்த பிறகே புரிந்தது. ஆனால் புரிந்திருந்தால் முழுவதையும் போட்டிருப்பேனா என்று கேட்டால், முதல் காரணம் திரும்பவும் வந்து நிற்கிறது.

ஜூலையில் அவரிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் அனுப்பியிருந்தார். ஒன்பதாவது பகுதியில், ரயிலைக் காப்பாற்ற, எதிர்த்தரப்புப் படையினர் இருக்கும் பெட்டிகளை லேட்டன் கழற்றிவிடுகிறான். பிடிபட்டிருந்த அவனுடைய ஆட்களும் அதற்குள்ளேயேதான். அவர் லேட்டனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் பதிவைக் கேட்டேன். "நானா இருந்தாலும் கழட்டித்தான் விட்டிருப்பேன் மிஸ். வேற வழி இல்ல. ஆனா அவன் அதுக்கப்புறம் நல்லாத் தூங்கக் கூடாது" என்றார். கேட்டுவிட்டு எனக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. 'நன்றி, தொடர்ந்து பாருங்கள்' என்று மட்டும் போட்டேன். எனக்காகச் சொன்னாரா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இல்லை, தொடரைப் பற்றித்தான் சொன்னார். அவர் எப்போதும் தொடரைப் பற்றித்தானே பேசினார்.

நான்காவது பருவத்தை டிஎன்டி அலைவரிசை 2023 ஜனவரியில் கைவிட்டது. 2024 ஜூலையில்தான் ஏஎம்சியில் வந்தது. அதைப் பற்றி ஒரு சிறு குறிப்புப் போட இருந்தபோது, பழைய இலக்கத்தைத் தேடி எடுத்து, பார்த்தீர்களா என்று கேட்டேன். இந்த முறை இடம் பற்றிப் பேசவே இல்லை, என்ன வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது, குரல் இல்லை, எழுத்து. ரயிலின் சொந்தக்காரன் வில்ஃபோர்டாக நடிகர் ஷோன் பீன் வந்த பிறகு கொஞ்சக் காலம் நன்றாக இருந்தது, மூன்றாம் பருவத்தில் இழுத்துவிட்டார்கள், நான்காவதைப் பார்க்கலாம். வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. 2020இல் நான் கேட்டது இதைத்தான். அப்படியே போட்டேன். அவருக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதானா, அல்லது எங்களிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அன்றைக்கே அளந்து வைத்துக்கொண்டாரா என்பதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், "தொடரைப் பத்தித்தானே கேட்டீங்க" என்பார்.