கட்டம் கட்டமாக

வார இதழ்களுக்குக் கதைப்படம் வரைவது என் தொழில். பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலை. செவ்வாய்க்கிழமை கதை வரும். வெள்ளி மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போதே எந்தக் காட்சி, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் கண்ணில் விழுந்துவிடும். பிறகு கைக்குத்தான் வேலை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படி விழுவது நின்றுபோயிற்று. எந்தக் கதையைப் படித்தாலும் ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண்தான் வந்தாள். மூன்று கதைகளுக்கு அவளையே வரைந்து அனுப்பினேன். நான்காவது கதைக்கு அவளும் வரவில்லை. வழக்கமாக வரையும் ஓர் இதழ் தன் தொடர்கதையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது. ஓய்வெடு, வெளியூர் போய் வா என்றார்கள். ஓய்வெடுத்தேன். வரையாத நாள் ஒவ்வொன்றும் அடுத்த நாளின் பயத்தைத்தான் கூட்டியது. இந்த அறிவுரையை நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோவையிலிருந்து வந்த உறவினர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனது அந்த நாட்களில்தான். அவர்கள் அர்ச்சுனன் தபசின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குன்றின் பின்பக்கமாக நடந்து, யாரும் நின்று பார்க்காத ஒரு குடைவரையின் முன்னால் போய் நின்றேன். பல்லவர் காலத்தில் தொடங்கிப் பாதியில் விட்ட வேலை. தூண்கள் இன்னும் தூண்களாகவில்லை. உள்சுவர் முழுவதும் உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டிப் பாறையைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். சுற்றிலும் பள்ளம் வெட்டிய பிறகு நடுவில் துருத்தி நிற்கும் சதுரத்தை உடைத்து எடுப்பது, மறுபடி கோடு வெட்டுவது, மறுபடி உடைப்பது என்று மலைக்குள் போயிருக்கிறார்கள். சில சதுரங்கள் உடைபடாமல் அப்படியே இருந்தன. ஒன்றின் ஓரப் பள்ளத்தில் விரலை விட்டேன்; உள்ளே உளித்தடம் சொரசொரவென்று இருந்தது.

கட்டம் போட்டு வரைவதை ஓவியக் கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லித் தந்தார்கள். அங்கே படம் முன்னால் இருக்கும். அதைப் பெரிதாக்கத்தான் கட்டம். இங்கே கட்டத்துக்குள் எதுவுமே இல்லை. தலைமைச் சிற்பியின் மனத்தில் மண்டபம் முழுதாக இருந்திருக்கலாம். அன்று காலை அந்தச் சதுரத்தின் முன் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்தாக வேண்டிய அவசியம் இல்லை என்றே தோன்றியது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் போதும். படம் மனத்தில் முழுதாக வந்தால்தான் பென்சிலைத் தொடுவது என்று பதினெட்டு ஆண்டுகளாக இருந்தவன் நான்.

பஞ்ச ரதங்களிலும் இதையே தேடினேன். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள் அந்தச் சிற்பிகள். பீம ரதத்தின் கூரை முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. பலமுறை பார்த்த இடம்தான். வேலை எங்கே நின்றது என்று அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் வந்த கதையில், அப்பாவோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்த மகள் அவர் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஒன்றும் தோன்றவில்லை. தாளில் பென்சிலால் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன். இடது மேல் மூலையில் ஓடு. அதை மட்டும் வரைந்தேன். அடுத்ததில் திண்ணைத் தூணின் தலைப்பகுதி. அதற்கடுத்ததில் கொடியில் ஒரு துண்டு. புதன் முழுவதும் நான்கு கட்டங்கள்தான். கை நடுங்கவில்லை, அதுவே பெரிதாக இருந்தது.

வியாழன் மாலை, கீழ் வரிசையில் வாசற்படி வந்தது. படியில் அப்பாவின் செருப்பை வரைந்தேன்: குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்தது, வார் அறுந்து வேறு நிற நூலால் தைத்தது. பக்கத்துக் கட்டம் காலி. அங்கே மகளின் செருப்பை வைத்தேன். ஒன்று நேராக, ஒன்று கழன்ற வேகத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இங்க் தொட்டுக் கோடுகளை உறுதி செய்துவிட்டுப் பென்சில் கட்டங்களை அழித்தேன்.

வெள்ளி மாலை பொறுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"படத்தில் ஆட்களே இல்லையே சார்?"

"உள்ளே இருக்கிறார்கள்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "முழுப் பக்கமாகவே போட்டுவிடுகிறேன்" என்றார்.