மிளகாய்ப் பூவில் இருந்த பேன்: பிராக்டிகலில் நான் கோட்டை விட்ட கதை

பூச்சியியல் பிராக்டிகலில் மூன்றாவது மைக்ரோஸ்கோப். ஸ்லைடில் இருக்கும் பூச்சி எது என்று எழுதவேண்டும். ஓரத்தில் 'மிளகாய், பூ' என்று லேபிள். தொண்டிப் பக்கம் முண்டு மிளகாய்க் கொல்லையில் வளர்ந்தவளுக்கா இந்தக் கேள்வி என்று நினைத்தேன். 40எக்ஸ் லென்ஸைத் திருப்பக்கூட இல்லை. மிளகாயில் வழக்கமாக வரும் இலைப்பேனின் பெயரை, 'ஸ்கிர்டோதிரிப்ஸ் டார்சாலிஸ்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

விடை திரிப்ஸ் பார்விஸ்பைனஸ். பேரினமே தப்பு!

இத்தனைக்கும் அது இந்தியாவில் முதலில் பதிவானது 2015இல் பெங்களூருப் பப்பாளியில் என்பதும், 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடியது என்பதும் எனக்கு மனப்பாடம். லேபிளைப் படித்தேன், பூச்சியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பெயர்க் குழப்பம். இலைப்பேன் எதுவானாலும் பொதுவாகத் திரிப்ஸ் என்பார்கள். அதற்குள் லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்த ஒரு பேரினமும் 'திரிப்ஸ்'தான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒற்றைப் பூச்சியும் 'திரிப்ஸ்'தான்; 'திரிப்' என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த தேர்வுக்கு நானே சேகரிக்கக் கிளம்பினேன். எங்கள் ஊரில் வெயில் ஏறினால் கடற்காற்றும் ஏறிவிடும். வெள்ளைத் தட்டில் தட்டிய பூச்சி தட்டில் நிற்காது. அதனால் விடிந்ததும் போய்விடுவேன். பூவைத் தட்டி, ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போடுவேன். பழம் பறிக்க வந்த அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏத்தா, பேன் பாக்கவா டவுனுக்குப் படிக்கப் போன? என் தலையிலயே பாத்திருக்கலாமே" என்றது. கொல்லையே சிரித்தது.

ஸ்லைடு போடும்போது அவசரப்படாதீர்கள். என் முதல் பத்தில் ஏழு வீண். இறக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தால், பார்க்கவேண்டிய வயிற்றுக் கண்டங்கள் அடியில் மறைந்துவிடும். ஊசியால் இறக்கைகளையும் உணர்கொம்புகளையும் விரித்துவைத்த பிறகுதான், பூச்சியை ஸ்லைடில் பதிக்கும் பிசினான கனடா பால்சம்.

இனி 40எக்ஸ். முதலில் வயிற்றின் இரு பக்கமும் பாருங்கள். பாய் விரித்ததுபோல நுண்மயிர் வரிசை வரிசையாக அடைந்திருந்தால் ஸ்கிர்டோதிரிப்ஸ் பக்கம் போகலாம். அது இல்லாமல் 5 முதல் 8 வரையான கண்டங்களில் பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிச் சீப்பு தெரிந்தால், அதுதான் டினிடியா. எட்டாம் கண்டத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். அங்கே ஒரு சுவாசத்துளை இருக்கும். சீப்பு துளைக்குப் பின்னால் இருந்தால் திரிப்ஸ், முன்னால் இருந்தால் இன்னொரு இலைப்பேன் பேரினமான ஃபிராங்க்ளினியெல்லா. என் நோட்டில் 'திரிப்ஸ் பின்னே, ஃபிராங்கி முன்னே' என்று எழுதி வைத்திருந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் தேர்வில் கைகொடுத்தது.

சந்தேகம் இருந்தால் தலைக்குப் போங்கள். மூன்று ஒற்றைக்கண்கள் முக்கோணமாக இருக்கும். அவற்றைச் சுற்றி ஃபிராங்க்ளினியெல்லாவுக்கு மூன்று ஜோடி மயிர், திரிப்ஸுக்கு இரண்டே ஜோடி; முன்வரிசை ஜோடி இருக்காது. உணர்கொம்பில் எட்டுக் கணு என்றதும் ஃபிராங்க்ளினியெல்லா என்று பாயாதீர்கள், திரிப்ஸ் பேரினத்தில் ஏழும் உண்டு, எட்டும் உண்டு.

இறக்கை மயிரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஃபிராங்க்ளினியெல்லாவுக்கு முன்னிறக்கையின் முதல் நரம்பில் மயிர்வரிசை விடாமல் ஓடும், திரிப்ஸுக்கு நடுவில் இடைவெளி என்று படித்திருப்போம். பார்விஸ்பைனஸுக்கோ திரிப்ஸாக இருந்தும் வரிசை விடாமல் ஓடுகிறது. 1922இல் அதற்குப் பெயர் வைத்த பூச்சியியலாளர் கார்னி அதை ஐசோனியூரோதிரிப்ஸ் என்ற பேரினத்தில்தான் வைத்தார். எட்டாம் கண்டத்துச் சீப்பைப் பார்த்தவர் தப்பிப்பார்.

நிறமும் அப்படித்தான். பார்விஸ்பைனஸில் பெண் பழுப்பு, ஆண் மஞ்சள். ஒரே பூவில் இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டு இனம் என்று எழுதிய தோழி எனக்கு உண்டு. இளம்புழுவுக்கு இந்த அடையாளக் குறிப்பு எதுவும் ஒத்துவராது, அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். பால்சம் முழுசாகக் காய, ஆய்வகத்தின் வெதுவெதுப்பான உலர்த்தும் அடுப்பிலேயே சில வாரங்கள் ஆகும். அதனால் மாசிக்குள் பூவைத் தட்டிவிடுங்கள். நான் பங்குனியில் போனபோது கொல்லையில் சிவப்புப் பழம்தான் கிடந்தது.