அவையில் பேசாத கேள்விகள்

மக்களவை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் இருந்தேன். எம்.பி. வேலை என்றால் அவையில் முழங்குவதும் விழாவில் ரிப்பன் வெட்டுவதும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் பார்த்தவரை அதில் முக்கால்வாசி காகித வேலை.

தொகுதி அலுவலகத்தைத் திறக்கும் முன்பே மனுவோடு ஆட்கள் நிற்பார்கள். சாக்கடை அடைப்பு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும் ரயில் டிக்கெட். இவற்றில் பலவும் ஊராட்சியோ வட்டாட்சியரோ பார்க்க வேண்டியவை. ஆனால் "அது எங்க வேலை இல்லீங்க" என்று சொல்ல முடியுமா? ஓட்டுப் போட்டவருக்கு மாநில அரசு, மத்திய அரசு என்ற கணக்கெல்லாம் எதற்கு? லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் போகும். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி.க்கு ஆண்டுக்கு 10 இடம் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது. 10 பேருக்குக் கொடுத்தால் மீதிப் பேர் அத்தனையும் பகை. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதிதான்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அந்தப் பணம் எம்.பி. கைக்கு வருவதே இல்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கலாம். மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் பாடு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள். 5 கோடியை அத்தனை ஊருக்கும் பிரித்தால் ஆளுக்கொரு நிழற்குடைதான் மிஞ்சும்.

எனக்குப் பிடித்த வேலை கேள்வி எழுதுவது. கேள்வி நேரத்தில் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20 மட்டுமே. குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் பட்டியலில் கீழே இருந்தால் நேரம் முடிந்துவிடும். எழுத்தில் பதில் வரும் குறியில்லாக் கேள்விகளோ 230 வரை. இதில் கைதட்டல் இல்லை, வீடியோ இல்லை. கட்சிக்காரர்கள் சீண்டவே மாட்டார்கள். ஆனால் அமைச்சகம் எழுத்தில் ஒன்றைச் சொன்னால் அது பதிவில் நிற்கும்.

எங்கள் தொகுதியில் ஒரு ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்டுப் பல காலமாக மனுக்கள். கடிதம் எழுதினால் 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதிலோடு சரி. குறியில்லாக் கேள்வியாகப் போட்டோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நாடாளுமன்ற வழக்கப்படி அது அரசு அளித்த உறுதிமொழியாகவே கருதப்படும். அவற்றைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் அந்தக் குழுவிடம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். அதற்குக் காரணமும் எழுத வேண்டும். அப்புறம்தான் கீழ்மட்ட அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வந்தார்கள்.

மனு கொடுத்த பெரியவரிடம் பதிலின் நகலைக் கொடுத்து இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, பாலம் எப்ப வரும்?" என்றார். அதையே அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்வியாக எழுதி அனுப்பினோம்.