‘பிகமிங் ஜேன்’ பார்க்கப் போகிறவர்களுக்கு

2007இல் வந்த படம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினாக ஆன் ஹாத்தவே, அவர் இளவயதில் காதலித்ததாகச் சொல்லப்படும் டாம் லெஃப்ராயாக ஜேம்ஸ் மெக்கவாய். கதை இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையரில் நடக்கிறது, படப்பிடிப்பு பெரும்பாலும் அயர்லாந்தில்.

இந்தக் காதலுக்கு ஆதாரம் எவ்வளவு தெரியுமா? ஜேன், தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய சில கடிதங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். 1796 ஜனவரி 9ஆம் தேதிக் கடிதத்தில் டாமுடன் ஆடியதைக் குறும்பாகச் சொல்கிறார். அவனிடம் ஒரே குறை, கோட்டின் நிறம் ரொம்ப வெளிறியதாம்! அடுத்த வாரக் கடிதத்தில் கடைசியாக அவனைச் சந்திக்கப் போவதை எண்ணிக் கண்ணீர் வழிகிறது என்கிறார். அது நிஜ அழுகையா, கேலியா? இருவருக்கும் அப்போதுதான் 20 வயது. என் காதில் கேலியே அதிகம் விழுகிறது. ஆனால் 1798 நவம்பர் கடிதத்தில், டாமின் அத்தை வந்திருந்தபோது அவனைப் பற்றி விசாரிக்கத் தன்மானம் விடவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் வலிக்கிற வரி.

இருவரும் ஊரைவிட்டு ஓடிப்போகும் காட்சி முழுக் கற்பனை. பணமில்லாத இடத்தில் கல்யாணம் நடக்காது என்பது மட்டும் உண்மை. டாம் 1799இல் மேரி பாலை மணந்து, 1852இல் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானார். மூத்த மகள் பெயர் ஜேன். படம் இதை உருக்கமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் டாமின் மாமியார் பெயரும் ஜேன்தான்!

மீதிக் கடிதங்கள்? பலவற்றைக் கசாண்ட்ராவே எரித்துவிட்டார்.